பம்ப் ஸ்க்ரூவை மட்டும் சொன்னேன்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் என் பிக்கப் வண்டி முதல் கியருக்கு வந்துவிடும். பின்னால் வரும் வெள்ளிமலை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போகும். பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாக யாராவது என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது அது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. வண்டி பழசு, மேடு செங்குத்து, ஏற்றியிருப்பது சிமெண்ட். இதில் அவமானப்பட ஒன்றுமே இல்லை என்று இன்று தெரிகிறது.

கல்வராயன் மலைக்கு வண்டி ஓட்டுவதுதான் என் பிழைப்பு. மேலே போகும்போது சிமெண்ட், உரம், கம்பி. கீழே வரும்போது மரவள்ளிக் கிழங்கு. கிழங்கைச் சின்னசேலம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் இறக்க வேண்டும். பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளில் உள்ளே கறுக்க ஆரம்பித்துவிடும். அதனால் விவசாயிக்கு அவசரம். ஆலை வாசலில் முதலில் வந்த வண்டிக்கு முதல் டோக்கன். அதனால் எங்களுக்கும் அவசரம்.

இந்த வேலையில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவரை நான் அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவருடையதும் என்னுடையது மாதிரியே ஒரு வண்டிதான், இன்னும் கொஞ்சம் பழசு. இருவரும் ஜோடியாகத்தான் போவோம். மலைக்கு மேலே போய்விட்டால் பாதை சமமாகிவிடும் என்று கீழே இருப்பவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. பாதி ஊர்கள் பள்ளத்தில் இருக்கின்றன. கிழங்கை ஏற்றிக்கொண்டு அந்தப் பள்ளத்திலிருந்து முதலில் மேலே ஏற வேண்டும், பிறகுதான் கீழே இறங்க முடியும். ஒருவர் வண்டி சிக்கினால் மற்றவர் கயிறு கட்டி இழுப்பார். பெரும்பாலும் சிக்கியது என் வண்டி.

எனக்கு லோடு பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். பங்காளிகள், மாமன் மச்சான்கள் என்று ஊருக்கு ஊர் அவருக்குச் சொந்தம். "இந்தத் தம்பிய நம்பிக் குடுக்கலாம்ங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் அந்தக் கிழங்குக் காடுகளுக்குள் என் வண்டி நுழைந்தது.

ஒரு மழைக்காலத்தில் அப்படி ஒரு பள்ளத்தில் நான் மாட்டிக்கொண்டேன். டயர் வழுக்கவில்லை, என்ஜினுக்குத்தான் சக்தி போதவில்லை. பாதி மூட்டைகளை ரோட்டோரம் இறக்கி வைத்தோம். அண்ணன் தன் வண்டியை மேலே நிறுத்திவிட்டு வந்து கயிறு போட்டு இழுத்தார். அன்று ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு முன்னால் பதினேழு வண்டிகள் நின்றன. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் பாதி சோறு போட்டார். என்ஜினை மாற்றியே ஆக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன் ஒருவன் கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கிறான். நான் மூன்றாம் வருடத்தில் படிப்பை விட்டேன், அவன் முடித்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு நேராக ஷெட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கையில் கிரீஸ் பூசிக்கொள்கிறவன். அவனிடம் போய், இந்த என்ஜினை என்ன செய்தால் சிமெண்டோடு மூன்றாவது கியரில் மலை ஏறும் என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

"செய்யலாம்டா. ஆனா ஒண்ணு செஞ்சா இன்னொண்ணு செய்யணும். அது செஞ்சா அடுத்தது. பாதில நிறுத்தக் கூடாது."

ஆடி மாதம், லோடு கம்மியாக இருந்த நேரம், என்ஜினை இறக்கினோம். அந்த மூன்று வாரங்கள் என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த நாட்கள். இதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அது உண்மை. நீல டிரம்மில் டீசல் ஊற்றி ஒவ்வொரு பாகத்தையும் பிரஷ்ஷால் கழுவினேன். தேய்ந்த சிலிண்டர்களுக்குப் புது லைனர் இறக்கினோம். புது பிஸ்டன், புது ரிங். ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே மெல்லிய தகட்டை நுழைத்து அவன் இடைவெளியை அளப்பான், சரியில்லை என்றால் அரத்தால் ஒரு இழுப்பு, மறுபடியும் அளப்பான். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, வரிசை மாறாமல், மூன்று தடவையாக முறுக்கினோம். அளவு வந்ததும் ஸ்பேனர் 'டொக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு முறை முறுக்கலாமா என்று தோன்றும்.

உடைக்கப் போன ஒரு பெரிய வண்டியிலிருந்து டர்போ எடுத்து வந்தான். டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. தள்ளும் காற்று சூடாகிவிடும் என்பதால் அதைக் குளிர்விக்க முன்பக்கம் ஒரு கூலர் வைத்தான். ரேடியேட்டரைத் தடிமனானதாக மாற்றினான். புகைக் குழாயைப் பெரிதாக்கினான். கிளட்ச், பிரேக் எல்லாம் புதுசு. டீசல் பம்ப்பைச் சேலத்துக்குக் கொண்டுபோய், சோதனை மேடையில் வைத்து அளந்து, டீசல் அளவைக் கூட்டி வாங்கி வந்தான். கடைசியாக டேஷ்போர்டில் ஒரு சின்ன வட்ட மீட்டரை வைத்தான். என்ஜினிலிருந்து வெளியேறும் புகை எவ்வளவு சூடு என்று அது காட்டும். அதன் கண்ணாடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டான்.

"முள்ளு இந்தக் கோட்டத் தொட்டா கால எடுத்துடு. என்ன அவசரமா இருந்தாலும் எடுத்துடு."

இப்படியெல்லாம் மாற்ற அரசு அனுமதி வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டியை எடுக்கப் போன அன்று அவன் என்னை உட்காரவைத்துப் பேசினான். "டீசல கூட்டினா காத்தையும் கூட்டணும். காத்து இல்லாம டீசல மட்டும் கூட்டினா மொதல்ல நல்லாத்தான் இழுக்கும். கருப்புப் பொகை தள்ளும். அப்புறம் பிஸ்டன் தலை உருகி ஓட்ட வுழுந்துடும். பம்ப்ல ஒரு ஸ்க்ரூ இருக்குது பாரு, அத எவன் வேணா திருப்பலாம். அதான் ஆபத்து. உன் வண்டியப் பாத்துட்டு யாராச்சும் கேட்டா முழுசா சொல்லு. இல்லன்னா இங்க அனுப்பு."

சரி என்று தலையாட்டினேன்.

முதல் ஏற்றத்தை மறக்க முடியாது. முப்பது மூட்டை சிமெண்டோடு, முன்பு முதல் கியரில் முனகிய அதே வளைவில், மூன்றாவது கியரில் ஏறினேன். டர்போ மெல்லிய விசில் போட்டது. பின்னால் புகையே இல்லை. பஸ்ஸை நான் முந்தினேன்.

ஒரு மாதத்தில் நிலைமை மாறிவிட்டது. மற்றவர்கள் ஒரு நடை அடிக்கும் நேரத்தில் நான் இரண்டு நடை அடித்தேன். காலையில் பிடுங்கிய கிழங்கு மத்தியானத்துக்குள் ஆலையில் இறங்கியது. விவசாயிகள் நேராக எனக்கே போன் செய்ய ஆரம்பித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அண்ணனின் சொந்தக்காரர்கள். ஜோடியாகப் போவது நின்றுபோனது. யாரும் சொல்லி நிறுத்தவில்லை. அவர் வண்டிக்காக மேலே காத்திருப்பதை நான் ஒரு நாள் விட்டேன், மறுநாளும் விட்டேன், அவ்வளவுதான்.

கரியாலூரில் ஒரு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். அவருக்கு அன்று லோடு இல்லை. என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி பண்ண வண்டிக்கு? பறக்குது. எனக்கும் சொல்லேன்."

அவர் குரலில் பொறாமை இல்லை. வழக்கம்போல, ஸ்பேனர் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் முழுவதையும் சொல்லியிருக்கலாம், அல்லது ஷெட்டின் வழியைச் சொல்லியிருந்தாலே போதும். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது இதுதான்: இவர் வண்டியும் இப்படி ஆகிவிட்டால், இவர் சொந்தக்காரர்கள் இவரிடமே திரும்பிவிடுவார்கள்.

"பெருசா ஒண்ணும் இல்லண்ணா," என்றேன். "பம்ப்ல ஒரு ஸ்க்ரூ கீது. அத கொஞ்சம் திருப்பிவுட்டது. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் சந்தோஷப்பட்டார். டீக்கு அவரே சொன்னார். நான் சொன்னது பொய் இல்லை என்று மலை இறங்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பம்ப்பில் ஸ்க்ரூ இருந்தது, அது திருப்பப்பட்டும் இருந்தது.

ஒரு வாரம் கழித்து அவர் வண்டி எதிரே வந்தது. கிழங்கை நிரப்பிக்கொண்டு பள்ளத்திலிருந்து நல்ல வேகத்தில் ஏறி வந்தது. வண்டிக்குப் பின்னால் ரோடே தெரியவில்லை, அவ்வளவு கருப்புப் புகை. என்னைப் பார்த்ததும் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"நீ சொன்னது மெய்தான் தம்பி. வூட்லயே ஸ்பேனர வெச்சித் திருப்பினேன். எப்டி இழுக்குது பாரு. கூட அரைத் திருப்பு போட்டுட்டேன்."

அப்போதும் நேரம் இருந்தது. இறங்கிப் போய், அண்ணா, முதலில் அதைத் திருப்பி வையுங்கள், நாளைக்குக் கள்ளக்குறிச்சிக்குப் போவோம் என்று சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். சொன்னால், அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன்.

"பாத்துக்கண்ணா," என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு கிளம்பிவிட்டேன். என் பங்கைச் செய்துவிட்டதாகக்கூட ஒரு நிம்மதி வந்தது. யோசிக்கும்போது, டீக்கடையில் சொன்னதைவிட இந்த வார்த்தைதான் என்னை அதிகம் அறுக்கிறது. முதல் தடவை ஆசையில் செய்தேன். இரண்டாவது தடவை, நடக்கப் போவது தெரிந்தே செய்தேன்.

அதிலிருந்து பத்து நாள் இருக்கும். ஒரு மத்தியானம் கச்சிராயபாளையம் கடைத்தெருவில் அவர் வண்டியைப் பார்த்தேன். சிமெண்ட் ஏற்றியிருந்தார். அவர் மனைவி முன்சீட்டில், மடியில் காய்கறிப் பையோடு, ஜன்னலில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். நானும் மேலே போகிற வழிதான். ஹாரன் அடித்து முந்திப் போனேன்.

மேலே போய் உர மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பைக்கில் வந்த ஒருவர் சொன்னார். "கீழ வளைவுல ஒரு பிக்கப்பு சாஞ்சி கெடக்குதுங்க. உங்க கூட வர வண்டிதான் போல."

மீதி மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். கொண்டை ஊசி வளைவு ஒன்றைத் தாண்டி, மலைச்சுவர் பக்கமாக வண்டி சாய்ந்து கிடந்தது. சிமெண்ட் மூட்டைகள் வெடித்து ரோடெல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. அதன் நடுவே ஆயில் ஓடி, குழைந்து கிடந்தது. அண்ணி பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். இடது கையை வலது கையால் குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். முழங்கை இருக்க வேண்டிய வடிவத்தில் இல்லை. அண்ணன் நெற்றியில் ரத்தத்தோடு என்ஜினைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நடந்ததைச் சொன்னார். வளைவில் திரும்பும்போது உள்ளே ஏதோ வெடித்த மாதிரிச் சத்தம். என்ஜினில் இழுவையே இல்லாமல் போய் நின்றுவிட்டது. பிரேக்கை அழுத்தினார். என்ஜின் ஓடவில்லை என்றால் பிரேக்குக்கு உதவி கிடைக்காது, இரண்டு மூன்று அழுத்தலில் மிதி கல்லாகிவிடும். வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. கைபிரேக் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. ஸ்டியரிங்கை ஒடித்துப் பின்பக்கத்தை மலையில் மோதவிட்டார். வண்டி சாய்ந்தபோது ஜன்னலில் இருந்த கை பாறைக்கும் கதவுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது.

"நாந்தான் ஜாஸ்தி திருப்பிட்டேன் போல தம்பி," என்றார். "நீ கொஞ்சம்னுதான சொன்ன."

நான் போய் அண்ணியைத் தாங்கி எழுப்பினேன்.

இருவரையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அண்ணி நடுவில், அவர் ஓரத்தில். அண்ணி வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அடிவாரத்துக்கு வந்து நான் வேகம் எடுத்தபோது டர்போ விசில் அடித்தது. அண்ணி கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இது இன்னா சத்தம்? நம்ம வண்டில இது வராதே."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். டேஷ்போர்டில் இருந்த வட்ட மீட்டரையும் சிவப்புக் கோட்டையும் பார்த்தார். முள் ஏறுவதையும், நான் காலைத் தளர்த்தியதும் அது இறங்குவதையும் பார்த்தார். முப்பது வருடம் மலையில் வாழ்ந்த, பதினைந்து வருடம் வண்டி ஓட்டிய மனிதருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"இது இன்னா மீட்டரு தம்பி?"

"சூடு பாக்கறதுண்ணா."

"ஓ," என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரி வரும்வரை அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அவர் வண்டியை என் நண்பனின் ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். ஹெட்டைக் கழற்றியதும் அவன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். மூன்றாவது பிஸ்டனின் தலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. சுற்றிலும் அலுமினியம் மெழுகு போல வழிந்து உறைந்திருந்தது.

"இவரு உன் கூட ஓடுறவர்தானடா?"

"ஆமா."

"நீ சொல்லலியா?"

நான் பிஸ்டனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கைத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டான். திட்டவில்லை. "உன் வண்டில என் கையால செஞ்ச வேல, இதுல வந்து முடிஞ்சிடுச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான். அதற்குப் பிறகு ஆயில் மாற்ற நான் போனால் வேலையைச் செய்து கொடுப்பான், டீ வாங்கி வரச் சொல்ல மாட்டான்.

கூலி வாங்காமல் என்ஜினைக் கட்டித் தருகிறேன் என்று அவன் அண்ணனிடம் சொன்னான். அவர் வேண்டாம் என்றார். மனைவியின் கை குணமாகும்வரை வீட்டில் இருந்தார். பிறகு வண்டியை அப்படியே உடைக்கக் கொடுத்துவிட்டு, இருவரும் கர்நாடகத்தில் ஒரு காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்கள். மலையிலிருந்து நிறையப் பேர் அப்படிப் போகிறவர்கள்தான். ஆனால் அவர் போனது என்னால்.

நான் தொடர்ந்து ஓட்டினேன். லோடு குறையவில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் என்னை மரியாதையாகவே நடத்தினார்கள். விபத்தன்று ஓடி வந்து இருவரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் என்று ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றுதான் அண்ணன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்று புரிந்தது. அதன் பிறகு அந்த மேட்டில் நான் மூன்றாவது கியர் போடுவதில்லை. கடைசியில் வண்டியை நயினார்பாளையத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டேன். இப்போது உளுந்தூர்பேட்டையில் ஒருவருடைய லாரியை ஓட்டுகிறேன். சமவெளி ரோடு.

ஊர்த் திருவிழாவுக்கு அவர்கள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, போன வருடம் பஸ்ஸில் ஏறி மலைக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை வைத்து ஆரம்பித்தேன்.

"அண்ணா, அன்னிக்கு டீக்கடையில நான் முழுசா சொல்லல."

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சிதான் சொல்லல."

"அதுவும் தெரியும்."

கோடாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரே குந்தினார். "லோடு போயிடும்னு பயந்துட்ட. எங்கிட்ட கேட்டிருந்தா பிரிச்சிக்கினு ஓட்டியிருக்கலாம். அதுல இன்னா இருக்குது."

அண்ணி டீ கொண்டுவந்தார். ஒற்றைக் கையால் டம்ளரை நீட்டினார். இடது கை பாதிக்கு மேல் மடங்குவதில்லை, காபிக் காய் பறிக்க அது போதும், தலை பின்னத்தான் ஆள் வேண்டியிருக்கிறது என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, என் மனைவியையும் பிள்ளையையும் விசாரித்தார். நான் அவரிடமும் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் வேண்டாம் என்பது போல லேசாகத் தலையசைத்தார். சொல்லவில்லை. அது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கூடவே ரோடு வரை வந்தார்.

"வண்டி எப்டி ஓடுது?"

"குடுத்துட்டேண்ணா."

நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். அன்று முழுவதும் இல்லாத வருத்தம் அப்போதுதான் அவர் முகத்தில் வந்தது.

"ஏன் குடுத்த? நல்ல இஞ்சினாச்சே அது."

பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.